புதன்கிழமை மயக்கம்

நாலாவது பாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்த வருஷத்தில் எங்களுக்குப் புதன்கிழமை மத்தியானம் இங்கிலீஷ் இலக்கணம் இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் வந்தது. இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் மூன்றே முக்கால் வரை நீளும். தலைமையாசிரியர் என்ன நினைத்து அப்படி அட்டவணை போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையை ஞாயிற்றுக்கிழமை தின்ற கறிச்சோற்றின் நினைப்பிலேயே ஓட்டிவிடலாம். செவ்வாய்க்கிழமை டிரில் உண்டு. வெயிலில் நின்றாலும் பக்கத்தில் நிற்கிறவனோடு பேசிக்கொண்டே நிற்கலாம். வியாழன் வந்துவிட்டால் மறுநாள் வெள்ளி. புதனுக்கு முன்னாலும் பிடிமானம் கிடையாது, பின்னாலும் கிடையாது.

நான் மார்க்கையன்கோட்டையிலிருந்து தூக்குச்சட்டியோடு நடந்து வருகிறவன். சட்டியில் பெரும்பாலும் கம்பஞ்சோறு இருக்கும். மத்தியானம் வாகை மரத்தடியில் அதைத் தின்றுவிட்டு, ஓட்டுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகும். வகுப்பில் முப்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கொட்டாவி வரும்.

இங்கிலீஷ் சாரைக் குறை சொல்ல முடியாது. அவரும் எங்கள் பள்ளத்தாக்கைச் சேர்ந்த, உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். அவர் குடும்பத்தில் முதன்முதலாகப் பி.ஏ. படித்தவர். முப்பது வயது இருக்காது. மூடின கோட்டும் தலைப்பாகையும் அவர் உடம்புக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். “நோட்டை மாடு தின்னுருச்சு சார்” என்றால், “மாட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்பார்.

அந்த இரண்டு பீரியடை ஓட்ட நாங்கள் என்னென்னவோ செய்து பார்த்தோம். சார் பாடத்துக்கு நடுவில் எத்தனை தரம் ‘தேர்ஃபோர்’ என்று சொல்லுகிறார் என்று எண்ணிப் புளியங்கொட்டையைப் பந்தயம் கட்டினோம். ஓட்டில் ஊர்கிற பல்லி எந்தச் சட்டத்தில் போய் நிற்கும் என்று பந்தயம் கட்டினோம். என் பக்கத்தில் உட்கார்ந்த தேவதானப்பட்டிப் பையன், மாமன் வீட்டில் தங்கிப் படித்தவன், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தான். எங்கள் வகுப்பிலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான். பெஞ்சின் கோடியில் அவன் உட்கார்ந்தால் மறுகோடி லேசாக மேலே எழும்பும்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அவன்தான். ஒரு புதன்கிழமை தூக்கம் முற்றிப்போய் பெஞ்சிலிருந்து அப்படியே சாய்ந்து தொப்பென்று தரையில் விழுந்தான். விழுந்தவுடன் விழித்துவிட்டான். ஆனால் சார் புத்தகத்தை வீசிவிட்டு ஓடிவருவதைப் பார்த்ததும், திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டான். அந்த ஒரு நிமிஷத்து யோசனைக்காக அவனை நான் ஆயுசு முழுக்க மதித்திருக்கிறேன்.

“ஏலே, மயக்கம் போட்டுட்டான்டா. தூக்குங்கடா, தர்மாஸ்பத்திரிக்குத் தூக்குங்க” என்றார் சார்.

நாலு பேர் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. ஆறு பேராகத் தூக்கினோம். வாய்க்கால் ஓரமாக இரண்டு பர்லாங்கு நடந்தால் தர்மாஸ்பத்திரி. அங்கே டாக்டர் காலையில் மட்டும் வருவார், மத்தியானம் கம்பவுண்டர்தான். அவர் பையனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். எங்கள் ஆறு பேரின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். ஒரு சீசாவிலிருந்து ரோஸ் நிறத்தில் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். இனிப்பாக, ஓமமும் மிட்டாயும் கலந்த வாசனையாக இருந்தது. “தூக்கி வந்தவுகளுக்கும் களைப்பா இருக்குமே” என்று எங்களுக்கும் ஆளுக்கொரு வாய் ஊற்றினார். நாங்கள் திரும்பிப் பள்ளிக்கூடம் போனபோது கடைசி மணி அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வாகை மரத்தடியில் கூடினோம். எங்கள் கூட்டத்தில் பஸ் ஏஜெண்டு மகன் ஒருவன் இருந்தான். எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த ஊரில் நிற்கும் என்பதை மனப்பாடமாக ஒப்பிப்பவன். அவன்தான் முறை போட்டான். ஜியாமெட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பேரின் பெயர். வாரத்துக்கு ஒருவன் விழ வேண்டும். ஆறு பேர் தூக்க வேண்டும். மீதி மூன்று பேர் வகுப்பில் இருந்து சாரிடம் கவலையாகப் பேச வேண்டும். கூட்டில் சேராதவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் விழுந்துவிட்டால் சாருக்குப் படபடப்பு அடங்க அரைமணி நேரமாகும், அதுவரை பாடம் கிடையாது என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

முதல் நாள் ஆறு பேர் தூக்கியதால், அதற்குப் பிறகு யார் விழுந்தாலும் ஆறு பேர் என்பதைச் சார் வழக்கமாக்கிவிட்டார். மூன்றாவது வாரம் விழுந்தவன் கொக்கு மாதிரி இருப்பான். அவனையும் ஆறு பேர்தான் தூக்கினோம். பிடிக்க இடமில்லாமல் இரண்டு பேர் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

ஏழாவது வாரம் என் முறை.

எனக்கு விழ வரவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆற்று மணலில் பஸ் ஏஜெண்டு மகன் எனக்குப் பயிற்சி கொடுத்தான். பத்துத் தரம் விழுந்தேன். பத்துத் தரமும் கடைசி நேரத்தில் கையை ஊன்றிவிட்டேன்.

“ஏலே, மயங்குறவன் கையை ஊனுவானாடா?” என்றான் அவன்.

“ஊனாட்டி வலிக்குமேடா.”

“மயக்கத்துல வலி தெரியாதுடா.”

“எனக்குத்தான் மயக்கமே இல்லையேடா” என்றேன். “பொழுதுபோகுது, இன்னொருக்க விழு” என்றான்.

புதன்கிழமை இரண்டரை மணிக்கு, கையை ஊன்றக் கூடாது என்ற ஒரே நினைப்போடு விழுந்தேன். ஊன்றவில்லை. அந்தக் கை மைக்கூட்டைத் தட்டிவிட்டது. முகமெல்லாம் மை வழிய நான் தரையில் கிடந்தேன். அதுவரைக்கும்கூடச் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தேவதானப்பட்டிப் பையன் என்னைத் தூக்குவதற்காக இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்தான். எனக்கு அங்கே தாங்க முடியாத கூச்சம். பல்லைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. கண்ணை மூடியபடியே கெக்கெக்கென்று சிரித்துவிட்டேன்.

பஸ் ஏஜெண்டு மகன்தான் சமாளித்தான்.

“சார், ஜன்னி கண்டிருச்சு சார். ஜன்னி வந்தா இப்பிடித்தான் சிரிப்பாகன்னு எங்க ஆத்தா சொல்லுவாக.”

சாருக்கு உயிரே போய்விட்டது. தலைப்பாகையைக் கழற்றி எனக்கு விசிறிக்கொண்டே தர்மாஸ்பத்திரிக்கு அவரும் கூட ஓடிவந்தார். அதற்கு முன் அவர் வந்ததில்லை. வழியெல்லாம், தேவதானப்பட்டிப் பையன் கையை மாற்றிப் பிடிக்கும்போதெல்லாம், நான் சிரித்தேன். நான் சிரிக்கும்போதெல்லாம் சார் “ஆத்தா, ஆத்தா” என்றார்.

கம்பவுண்டர் மை வழிகிற என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் சார் நிற்பதையும் பார்த்தார். ரோஸ் மருந்துச் சீசாவை நோக்கிப் போன கையைத் திருப்பிக்கொண்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இரண்டு அவுன்ஸ் அளந்து என் வாயில் ஊற்றினார். அதோடு எனக்குச் சிரிப்பு நின்றது. மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவிலேயே என் பொழுது போயிற்று.

நான் இல்லாத அந்த இரண்டு நாளில் சார் தர்மாஸ்பத்திரி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். ஏழு புதன்கிழமை, ஏழு பையன்கள், எல்லாம் நாலாவது பாரம். தலைமையாசிரியரிடம் சொல்லி, சுகாதார இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டார்.

அடுத்த புதன்கிழமை சைக்கிளில் ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். அதற்கு முன் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் பக்கம் மலைக்காய்ச்சலோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டியவர் அவர். அவருக்கு உலகத்தில் மற்ற நோயெல்லாம் நோயாகவே தெரியாது.

“எல்லாம் புதன்கிழமை. எல்லாம் இதே வகுப்பு. மத்தியானம் ரெண்டரை மணி” என்று நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இது முறைக்காய்ச்சல்.”

“காய்ச்சல் யாருக்கும் இல்லீங்களே. மயக்கந்தான்” என்றார் சார்.

“காய்ச்சல் உள்ளே இருக்கும். மயக்கம்தான் வெளியில் தெரியும்.”

“ஒவ்வொரு தடவையும் வேற வேற பையன் விழுகிறானுகளே.”

இன்ஸ்பெக்டர் சிறிது யோசித்தார். “முறைக்காய்ச்சல் ஓர் ஆளுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும். இது ஒரு வகுப்புக்கு ஏழு நாளைக்கு ஒரு தடவை வருகிறது” என்றார். சார் அதையும் நம்பினார்.

மருந்து என்ன என்று சொல்லவே வேண்டாம், மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா. வாராவாரம் புதன்கிழமை இரண்டு மணிக்கு முப்பத்தொரு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு அவுன்ஸ் குடிக்க வேண்டும். கசப்பு என்றால் அப்படிப்பட்ட கசப்பை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. குடித்த அரைமணிக்குள் இரண்டு காதிலும் வண்டு இரைகிற மாதிரி இரையும். பையன்கள் பயப்படக் கூடாது என்பதற்காகச் சார் முதலில் ஓர் அவுன்ஸை எடுத்துத் தான் குடித்துக் காட்டுவார். “பாருங்கடா, ஒண்ணும் இல்ல” என்பார். சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டு போகும்.

கூட்டில் சேராத இருபத்தொரு பேரும் எங்களை அடிக்காமல் விட்டது பெரிய காரியம். மறுபடியும் வாகை மரத்தடியில் கூடினோம்.

“இனிமே விழுந்தம்னா, மருந்து பத்தலைன்னு ரெண்டு மடங்கா ஊத்துவாக” என்றான் பஸ் ஏஜெண்டு மகன். “விழாம இருந்தம்னா, மருந்து நல்லா கேக்குதுன்னு விடாம ஊத்துவாக.”

தேவதானப்பட்டிப் பையன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அப்பப் பாதி விழுவமா?” என்றான்.

பாதி விழுவது எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை. விழுவதை விட்டுவிட்டோம். வகுப்பில் மயக்கம் அறவே ஒழிந்தது. இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்குப் பெருமையாக எழுதினார் என்றும், கொயினா இன்னும் இரண்டு பெரிய சீசா வருகிறது என்றும் கேள்விப்பட்டோம்.

ஐந்தாவது கொயினாப் புதன் என்று நினைக்கிறேன். சார் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருந்தார். ‘வேடன் புலியைக் கொன்றான்’ என்கிற இங்கிலீஷ் வாக்கியத்தைப் புரட்டிப் போட்டு, புலி வேடனால் கொல்லப்பட்டது என்று கரும்பலகையில் எழுதி முடித்தார். சாக்குக்கட்டி கையிலேயே இருந்தது. எங்கள் பக்கம் திரும்பினார். கண் மேலே சொருகியது. மேசையோரமாக வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தார்.

வகுப்பில் யாரும் அசையவில்லை. “இன்னைக்கு யாருடா முறை?” என்று ஒருவன் பழக்கதோஷத்தில் கேட்டான். பஸ் ஏஜெண்டு மகன் நோட்டைத் திறந்து பார்க்கக்கூடச் செய்தான்.

தேவதானப்பட்டிப் பையன்தான் முதலில் எழுந்தான். “ஏலே, சார் கையை ஊனலைடா” என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் எழுந்தோம். ஓடிப்போய்த் தூக்கினோம். அத்தனை வாரம் தூக்கிப் பழகிய ஆறு பேரும் அவரவர் இடத்தைப் பிடித்துக்கொண்டோம். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய்க்கால் கரையில் மூச்சு வாங்க ஓடினோம். ஒருவன் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அழுதபடி வந்தான்.

கம்பவுண்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லுவத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்தைக் கேட்டவர் திரும்பாமலே பேசினார்.

“என்னடா, ஒரு மாசமா ஆளையே காணோமேன்னு பாத்தேன். இன்னைக்கு யாரு முறை? அங்கன பெஞ்சுல போடுங்க. மிட்டாய்த் தண்ணி கரைச்சுத் தாரேன்.”

நாங்கள் கிடத்தி முடித்ததும் திரும்பினார். பெஞ்சில் கிடந்தது சார். கம்பவுண்டர் கையிலிருந்த குழவி கீழே விழுந்தது. ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, மூக்கருகே ஏதோ நெடியுள்ள சீசாவைக் காட்டினார். சார் கண்ணைத் திறந்தார்.

“காலையில என்ன சாப்பிட்டீக?” என்றார் கம்பவுண்டர்.

“ஒண்ணும் சாப்பிடல.”

“மத்தியானம்?”

“புதன்கிழமை சாப்பிடுறதில்ல. விரதம்.” சார் என்னைக் கை காட்டினார். “இந்தப் பய ஜன்னி கண்டு சிரிச்சான்ல, அன்னைக்கு நேந்துக்கிட்டேன். பயலுகளுக்கு இந்த மயக்கம் தீருறவரைக்கும் புதன்கிழமை அன்னம் தொடுறதில்லன்னு வீரபாண்டி ஆத்தாவுக்கு வேண்டியிருக்கேன்.”

“வெறும் வயித்துலயா கொயினாவக் குடிச்சீக?”

“பயலுக பயப்படக் கூடாதுல்ல” என்றார் சார்.

நாங்கள் ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சார் எழுந்து உட்கார்ந்தார். “ஆமா, முறைன்னு ஏதோ சொன்னீகளே. அது என்ன முறை?” என்று கேட்டார். மயங்கிக் கிடந்தவர் காதில் அது மட்டும் விழுந்திருக்கிறது. கம்பவுண்டர் குழவியைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

தேவதானப்பட்டிப் பையன் பெருங்குரலெடுத்து அழுதான். அழுதுகொண்டே முதல் வாரத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒருவனையும் விடவில்லை.

“அப்ப அந்தச் சிரிப்பு?” என்று சார் என்னைக் கேட்டார்.

“கூச்சம் சார்” என்றேன்.

அவர் எங்களை ஒவ்வொருவனாகப் பார்த்தார். பிறகு “கழுதைகளா” என்றார். தலைப்பாகையை வாங்கி வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் போனோம். பத்தடிக்கு ஒரு தரம் “கழுதைகளா” என்றார். அவர் திட்டத் திட்ட எனக்குப் பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. கால் தள்ளாடினால் பிடிக்கலாம் என்று கம்பவுண்டரும் கூட வந்தார்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி கிளப். அங்கே இட்லிக் கொப்பரையைத் திறந்த நேரம். ஆவி தெருவரைக்கும் வந்தது. சார் நின்றுவிட்டார்.

“இல்லாத நோய்க்கு என்ன விரதம்? உள்ள போய் உக்காருங்க” என்றார் கம்பவுண்டர்.

“நேந்தது நேந்ததுதானே. ஆத்தாவுக்குச் சொன்ன வார்த்தை.” சார் தெருவில் நின்றபடியே யோசித்தார். “தீர்ந்தா சாப்பிடுறேன்னு சொன்னனா, தீருறவரைக்கும் சாப்பிடுறதில்லன்னு சொன்னனா? ரெண்டும் ஒண்ணில்ல. ஒண்ணு ‘இஃப்’, இன்னொண்ணு ‘அன்டில்’.”

பஸ் ஏஜெண்டு மகன் மெதுவாக, “சார், இல்லாத மயக்கம் எப்பவோ தீர்ந்ததுதானே சார்” என்றான்.

சார் அவனை உற்றுப் பார்த்தார். “அது சரிதான். ஆரம்பிக்கவே இல்லைங்கிறதால, தேர்ஃபோர்…”

“ஒண்ணு” என்று எங்களில் ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

“என்னடா ஒண்ணு?” என்றார் சார். புளியங்கொட்டைப் பந்தயத்தையும் அங்கேயே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் சேர்த்து ஒரு தரம் “கழுதைகளா” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து எட்டு இட்லி தின்றார். நாங்கள் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினோம். எட்டாவதை விழுங்கியபோது எல்லோருக்கும் மூச்சு வந்தது.

தலைமையாசிரியரிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் தான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். மயக்கம் தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொயினாவை மட்டும் நிறுத்தச் செய்தார். எங்களுக்கு அவர் கொடுத்த தண்டனை ஒரு கட்டுரை. ‘நான் மயங்கிய விதம்’ என்று ஆளுக்கு ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதிவர வேண்டும். முழுக்கச் செயப்பாட்டுவினையில் இருக்க வேண்டும்.

அடுத்த புதன்கிழமை ஒவ்வொருவனாக எழுந்து வாசித்தோம். மயங்குவதைச் செயப்பாட்டுவினையில் எழுத முடியாது என்பது எங்களுக்குத் தெரியாது. ‘நான் தரையால் அடிக்கப்பட்டேன், விளக்கெண்ணெயால் இரண்டு நாள் ஓட்டப்பட்டேன்’ என்று நான் எழுதியிருந்தேன். தேவதானப்பட்டிப் பையனுடைய கட்டுரை இரண்டே வரி: ‘நான் ஆறு பேரால் தூக்கப்பட்டேன். அவர்களால் இரண்டு முறை கீழே போடப்பட்டேன்.’ சார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. வகுப்பே உருண்டது.

அந்தச் சத்தத்துக்குத் தலைமையாசிரியர் வந்துவிட்டார். வாசலில் நின்று, “என்ன பாடம்?” என்றார்.

“செயப்பாட்டுவினை சார்” என்றார் எங்கள் சார்.

தலைமையாசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “வாசிக்கட்டும், நானும் கேட்கிறேன்” என்றார். அடுத்து வாசிக்க வேண்டியவன் பஸ் ஏஜெண்டு மகன். அவன் தாளில் முறை போட்டது, நோட்டு, ஜன்னி எல்லாம் இருந்தது. எழுந்தான். தாளைப் பார்த்தபடியே, அதில் இல்லாததை வாசித்தான். ‘நான்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘மாடு’ என்று போட்டான். மாடு வண்டியில் பூட்டப்பட்டது, மாடு சாலையில் மயக்கப்பட்டது, மாடு ஆறு மனிதர்களால் தூக்கப்பட்டது, மாட்டுக்கு இனிப்பு மருந்து கொடுக்கப்பட்டது என்று நிறுத்தாமல் கொண்டுபோனான். எங்கள் சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

தலைமையாசிரியர் கடைசிவரை கேட்டார். “மாடு பாவம்” என்றார். “ஒரு மாட்டை ஆறு பேரால் தூக்க முடியாது. அதை மட்டும் திருத்து. நன்றாக எழுதி நாளைக்கு என்னிடம் கொண்டுவா, கையெழுத்துப் பத்திரிகையில் போடலாம்.”

அவர் போன பிறகுதான் அவன் உட்கார்ந்தான். தாளில் ஒரு வரிகூட மாட்டைப் பற்றி இல்லை. சொன்னது எதுவும் அவனுக்கு நினைவிலும் இல்லை. சாயங்காலம் ஆற்று மணலில் பத்துப் பேரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாக்கியமாக அந்த மாட்டை மறுபடி உண்டாக்கினோம். ஆறு பேரைப் பதினாறு பேராக்கினோம். வண்டி எந்தச் சந்தைக்குப் போனது என்பதையும் முடிவு செய்தோம். மாட்டுக்கு எதனால் மயக்கம் வந்தது என்பதில் மட்டும் ஒத்துவரவில்லை. பொழுது சாய்கிறவரைக்கும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.